பெரிய எழுத்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’, ‘பெரிய எழுத்து நல்லதங்காள் கதை’ என்று அட்டையிலேயே போட்டு விற்ற புத்தகங்கள் ஒரு காலத்தில் சென்னையில் ஏராளம். பி. இரத்தின நாயகர் சன்ஸ் போன்ற பதிப்பாளர்கள் கதையின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் எழுத்தின் அளவைச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க அப்போதுதான் கற்றவர்கள், சிம்னி விளக்கில் படிக்கிறவர்கள், கண் மங்கிய பாட்டிமார்கள் ஆகியோருக்கு அதுதான் முதல் தகுதி. எழுத்தின் உருவத்தைக் காட்டியே சரக்கை விற்கலாம் என்பதை விளம்பர நிறுவனங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊர் தெரிந்து வைத்திருந்தது.

இந்தச் சொற்பொழிவின் பொருள் அந்தப் பெரிய எழுத்து பிறகு எடுத்த பிறவிகள். நாடக நோட்டீஸில் ஒன்று, சினிமா பாட்டுப் புத்தகத்தில் ஒன்று, கடை போர்டில் ஒன்று, வால்போஸ்டரில் ஒன்று; இன்று கணினியில் இறக்கிக்கொள்ளும் ‘பழைய பாணி’ எழுத்துருவில் இன்னொன்று. இந்தக் கடைசிப் பிறவிக்கு இப்போது நல்ல மவுசு. அடையாற்றில் புதிதாகத் திறக்கும் ஃபில்டர் காப்பிக் கடை, தி. நகரில் கருப்பட்டி மிட்டாய் விற்கும் கடை, மயிலாப்பூர் மண்டபத்துக்கு அச்சாகும் கல்யாணப் பத்திரிகை எல்லாமே பாட்டி காலத்துச் சாயலைத் தேடுகின்றன. தேடுவது நல்லதுதான். தேடும் இடம்தான் சரியில்லை. அமெரிக்கக் கவ்பாய் படங்களில் வரும் மதுக்கடைப் பலகையின் நகாசு வேலையை எடுத்துத் தமிழ் எழுத்தின் மேல் ஒட்டி, இதுதான் பழமை என்று வைத்துவிடுகிறார்கள். தமிழுக்கு அசலான அலங்கார எழுத்து மரபு ஒன்று உண்டு. அது பெரும்பாலும் பெயர் தெரியாத கைகளால், பெரும்பாலும் தூரிகையால், இதே தெருக்களில் வளர்ந்தது. இனி வரும் எழுத்துருக்கள் அங்கிருந்து பிறக்க வேண்டும் என்பதே இங்கே சொல்ல வந்த செய்தி.

தமிழ் அச்சின் வரலாறு பெரும்பாலும் எழுத்தைச் சிறிதாக்கிய வரலாறு. 1578இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். அதற்கு 135 ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை பெரியவை. காகிதமோ கப்பலில் வர வேண்டிய பண்டம். பெரிய எழுத்தில் வேதாகமத்தை அச்சிட்டால் காகிதம் எங்கே போய் வாங்குவது? அங்கிருந்த மிஷனரி சீகன்பால்குவும் உடனிருந்தவர்களும் சிறிய எழுத்தை உள்ளூரிலேயே வார்க்க ஏற்பாடு செய்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கி அந்த எழுத்துகள் வார்க்கப்பட்டன என்பது அச்சு வரலாற்றில் பதிவான செய்தி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் இன்னும் சிறிய, இன்னும் திருத்தமான எழுத்துகளை உருவாக்கினார். வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கிலப் பேரகராதி 1862இல் வெளிவர அந்தச் சிறிய எழுத்து கைகொடுத்தது.

அதே காலத்தில் மேற்கே காற்று எதிர்த்திசையில் அடித்தது. தொழிற்புரட்சி விளம்பரத்தைக் கொண்டுவந்தது. விளம்பரம் பெரிய எழுத்தைக் கேட்டது. 1816இல் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன், முனைக் கீற்று இல்லாத எழுத்தை முதன்முதலாகத் தன் மாதிரிப் புத்தகத்தில் காட்டினார். 1828இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் கடைந்த எழுத்துகளுக்கு விலைப்பட்டியல் போட்டார். ஈயத்தில் பெரிதாக வார்த்தால் கனம் அதிகம், விலை அதிகம், ஆறும்போது முகம் குழிந்தும் போகும். மரம் லேசானது, மலிவானது. சர்க்கஸ், ஏலம், நாடகம் என்று அமெரிக்கச் சுவர்களை நிரப்பிய பூவேலை எழுத்துகள் மரத்தில்தான் பிறந்தன. இன்று ‘விண்டேஜ்’ என்ற பெயரில் விற்கும் ஆங்கில எழுத்துருக்களில் பல அந்த மரத்தின் பேரப்பிள்ளைகளே.

தமிழ்நாட்டு அச்சகங்களிலும் மர எழுத்து இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் நடந்ததுபோல நூறு பாணிகளில் அது பெருகவில்லை. காரணம் எளிது. ஆங்கிலப் போஸ்டர் ஒன்றுக்கு 26 பெரிய எழுத்தும் எண்களும் இருந்தால் போதும். தமிழில் உயிர், மெய், புள்ளி வைத்தது, இகர ஈகாரம் ஏறியது, உகர ஊகாரத்தில் வடிவமே மாறுவது, கால், கொம்பு, கிரந்தம் என்று வரிசை நூற்றைத் தாண்டும். ஒரு ட்ரெடில் மெஷினும் இரண்டு கம்பாசிட்டரும் உள்ள அச்சகம் இத்தனை எழுத்தைப் பல பாணிகளில் வாங்கி வைக்க முடியாது. இருந்த நாலைந்து அளவுகளைக் கலந்து கோத்தார்கள். வரிக்கு வரி அளவு மாறும். நடுவில் பூ பார்டர், பித்தளை ரூல், சுட்டிக்காட்டும் கை. சினிமாவுக்கு முந்தைய சென்னைத் தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களின் முகப்பு இப்படித்தான் இருக்கும். அந்த உலகத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கொலைச்சிந்தும் ரயில் விபத்துப் பாட்டும் அச்சான அந்த முகப்புகளைத் தமிழ்ப் பக்க வடிவமைப்பின் முதல் பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம்.

அவற்றைப் பார்க்க விரும்புகிறவர் தரமணிக்குப் போனால் போதும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அங்கேதான் இருக்கிறது. பழைய நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், சினிமா பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் என்று, மற்ற நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கிய தாளையெல்லாம் காத்து வைத்திருக்கும் இடம் அது. அதைச் சேர்த்த ரோஜா முத்தையா செட்டியார், செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். அவர் பேராசிரியர் அல்லர், பதிப்பாளரும் அல்லர். போர்டு எழுதும் கலைஞர். அவர் 1992இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தத் தொகுப்பு சென்னைக்கு வந்து 1994இல் நூலகமாக உருப்பெற்றது. இந்தச் செய்தியைக் கொஞ்சம் நிதானித்து நினைத்துப் பார்க்க வேண்டும். நாடக நோட்டீஸைப் படித்துவிட்டுக் கிழித்தெறியாமல் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது. எழுத்தை வாசிக்கிற கண்ணோடு எழுத்தைப் பார்க்கிற கண்ணும் அவருக்கு இருந்தது அதற்கு ஒரு காரணம் என்று நம்ப இடமுண்டு. தமிழ்ச் சமூக வரலாற்றை எழுதும் உலகத்து ஆய்வாளர்கள் பலர் இன்று ஒரு போர்டு ஆர்ட்டிஸ்டின் கடனாளிகள்.

அச்சகம் செய்ய முடியாததைத் தூரிகை செய்தது. தூரிகைக்கு எழுத்து ‘செட்’ கிடையாது. வேண்டிய எழுத்தை வேண்டிய அகலத்தில் அப்போதே உண்டாக்கிக்கொள்ளலாம்.

போர்டு எழுதும் முறையைக் கிட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். மரச்சட்டத்தில் அடித்த தகரத்துக்கு முதலில் ரெட் ஆக்சைடு. அது காய்ந்ததும் பின்னணி வண்ணம் இரண்டு கோட்டிங். பிறகு சாக்குக்கட்டி தேய்த்த நூலை இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டி மேல்கோடும் கீழ்கோடும் போடுவார்கள். அந்தக் கோடுகளுக்குள் சாக்குக்கட்டியால் எழுத்தின் எலும்பை மட்டும் வரைவார்கள். இடம் பிரிப்பது இங்கேதான் நடக்கும், தொழில் தெரிந்தவர் யார் என்பதும் இங்கேதான் தெரியும். ‘ர’ ஒல்லி, ‘ண’ பருமன். இரண்டுக்கும் சம அகலம் கொடுத்தால் போர்டு பல்லிளிக்கும். ‘மயிலாப்பூர்’ என்று எழுத வேண்டுமானால் ‘யி’யின் விசிறி மேலே ஏறும், ‘பூ’வின் வால் கீழே இறங்கும், இரண்டு புள்ளிகள் தலைக்கு மேல் இடம் கேட்கும். ஆங்கிலப் பெரிய எழுத்துபோலச் செங்கல் வரிசையாக அடுக்க முடியாது. இதற்கெல்லாம் இடம் விட்டு, எனாமல் நிரப்பி, அவுட்லைன் இழுத்து, கடைசியாக ஒரே பக்கம் விழும்படி ஷேடு கொடுத்தால் எழுத்து தகரத்தை விட்டு முன்னால் வந்து நிற்கும். மூலையில் சின்னதாக ஒரு ‘ஆர்ட்ஸ்’ பெயர் இருக்கும்.

இந்தப் பட்டறிவுக்குள் எழுத்தியல் பாடமே இருக்கிறது. தடித்த எழுத்தை எடுத்துக்கொள்வோம். ரெண்டு சுழி ‘ன’வும் மூணு சுழி ‘ண’வும் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்தவை. கோட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் முதலில் அடைபடுவது இந்தச் சுழிகள்தான். அடைபட்டால் ‘மனம்’ எது, ‘மணம்’ எது என்று தெரியாது. கைதேர்ந்த பெயிண்டர் சுழியை முழு வட்டமாகப் போடாமல் ஒரு சிறு கண்ணாக ஒடுக்கி, அந்த இடத்தில் மட்டும் கோட்டை மெலிதாக்கிக் காப்பாற்றுவார். மேல்நாட்டு நகாசை அப்படியே ஒட்டும் எழுத்துருக்கள் தவறுவது இங்கேதான். தண்டின் நடுவில் முடிச்சுப்போல ஒரு புடைப்பு வைப்பது மர எழுத்துக் காலத்து ஆங்கில வழக்கம். நேரான தண்டு உள்ள எழுத்தில் அது அழகு. வளைவும் சுழியுமே உடம்பாக உள்ள தமிழில் அதே புடைப்பு இன்னொரு சுழிபோலத் தெரிந்து கண்ணைக் குழப்பும்.

புள்ளியையும் சொல்ல வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏட்டில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அச்சு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. போர்டு அதை நகையாக்கியது. வளையமாக, வைரமாக, நட்சத்திரமாக, காதல் படத்தின் தலைப்பென்றால் இதயமாக. தமிழ் அலங்கார எழுத்துக்கு மேல்நாட்டிலிருந்து பூ வாங்க வேண்டியதே இல்லை. பூ வைக்கிற இடம் எழுத்திலேயே இருக்கிறது.

பழைய போர்டுகளின் இன்னோர் அடையாளம் 1978க்கு முந்தைய எழுத்துகள். ‘லை’, ‘ளை’, ‘னை’, ‘ணை’ நான்கிலும் ஐகாரம் தனிக் கொம்பாக முன்னால் நிற்காது. எழுத்தின் தலையில் வளைந்து ஏறும். யானைத் தும்பிக்கை என்று பிள்ளைகள் சொல்லும் வடிவம் அது. ‘ணா’, ‘றா’, ‘னா’ மூன்றிலும் கால் தனித்து நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழியும். அவற்றின் ஒகர ஓகாரமும் அப்படியே. மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் இவற்றை மாற்றி அச்சிடத் தொடங்கிவிட்டார். எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையிட்ட பிறகு பாடநூலுக்கும் அரசு அச்சுக்கும் புதிய வடிவம் வந்தது. அச்சுக்கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் அது பெரிய நன்மை. அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் போர்டு எழுதுகிறவர் கைக்குக் கணக்கு வேறு. மயிலை, சென்னை, அண்ணா சாலை என்ற மூன்று பெயர்களுக்குள்ளேயே அந்தப் பழைய வடிவங்கள் நான்கு இடங்களில் வரும். தும்பிக்கையை நீட்டி அடுத்த எழுத்தின் மேல் வளைய விடுவதும், ‘ணா’வின் காலை இழுத்துச் சொல்லுக்கு அடிக்கோடு ஆக்குவதும் தூரிகைக்கு எவ்வளவு இன்பமான வேலையாக இருந்திருக்கும்! அலங்காரத்துக்கு இயல்பாக அமைந்த வடிவங்கள் அவை.

சென்னையின் தென்பகுதியில் எழுத்து கட்டடத்திலும் ஏறியது. நெடுந்தாங்கல் ஏரியைத் தூர்த்து 1923க்கும் 1925க்கும் இடையில் உருவான தியாகராய நகரிலும், மயிலாப்பூரின் உள் தெருக்களிலும், அந்தத் தலைமுறை கட்டிய வீடுகளின் நெற்றியில் சிமெண்டில் புடைத்தெழுந்த பெயரும் ஆண்டும் இருக்கும். உருண்ட மூலையும் படிப்படியான கைப்பிடிச் சுவருமாக ஆர்ட் டெகோ பாணி அப்போது பரவிக்கொண்டிருந்தது. எழுத்தும் அதற்கேற்ப வடிவியல் ஒழுங்கோடு நிமிர்ந்து நின்றது. அந்த வீடுகள் இடிபடும்போது எழுத்தும் ஜல்லியோடு ஜல்லியாகப் போகிறது. இடிக்கும் முன் ஒரு தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுக்க அரைமணி நேரம்கூட ஆகாது.

சினிமா வந்ததும் எழுத்துக்கு நடிப்பு வந்தது. புராணப் படமென்றால் கல்லில் செதுக்கியதுபோல, குடும்பப் படமென்றால் தூரிகை வீச்சுபோல, துப்பறியும் படமென்றால் உடைந்த கண்ணாடிபோல. எழுத்தைப் பார்த்தே படத்தின் சுபாவத்தை ஊகிக்கலாம். எஸ். எஸ். வாசன் 1948இல் ‘சந்திரலேகா’வுக்குச் செய்த விளம்பரம் இந்தியா முழுவதும் பேசப்பட்டது. அதன் பிறகு பேனரும் கட்-அவுட்டும் சென்னையின் முகமாகவே ஆகிவிட்டன. அந்த உலகத்தைப் பற்றி பிரெமிந்தா ஜேக்கப் 2009இல் தனி நூலே வெளியிட்டார். அரசியல் சுவரும் பின்தங்கவில்லை. வெள்ளையடித்த சுவரில் இன்ன கட்சிக்கு இன்ன ஆண்டு வரை என்று முன்பதிவு செய்துவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் சொத்து. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959இலேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சென்னையில் வாழ்ந்த மூவரை இங்கே நினைக்காமல் மேலே போக முடியாது. விகடனில் வளர்ந்த கோபுலு, 1972இல் ‘ஆட்வேவ்’ என்ற விளம்பர நிறுவனத்தைத் தொடங்கி, பத்திரிகை ஓவியத்தின் கோட்டை விளம்பரத்துக்குள் கொண்டுவந்தார். கே. எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் எழுதிய தலைப்புகளில் அவருடைய கோட்டோவியத்தின் முரட்டு அழகு அப்படியே இருக்கும். மூன்றாமவர் தெலுங்குக்காரர்: பாபு. படம் இயக்கினார், கார்ட்டூன் போட்டார், 2014இல் இதே ஊரில் மறைந்தார். அவருடைய கையெழுத்து தெலுங்கு எழுத்துருவாகி, ஆந்திர, தெலங்கானக் கல்யாணப் பத்திரிகைகள் வரை போய்ச் சேர்ந்தது. ஒரு கலைஞரின் கை அவருக்குப் பின்னும் ஒரு மொழியின் சுப காரியங்களில் எழுதிக்கொண்டே இருக்கிறது. ஆதிமூலத்தின் கைக்கும் அப்படி ஒரு வாழ்வு கிடைக்க வேண்டும்.

ஃப்ளெக்ஸ் வந்து இதையெல்லாம் சில ஆண்டுகளில் தள்ளிவிட்டது. நாள்கணக்கில் எழுதிய பேனரை மெஷின் சில நிமிடங்களில் துப்பியது. பெயிண்டர்கள் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். சிலர் அதே ஃப்ளெக்ஸ் கடையில் மௌஸ் பிடித்தார்கள். கடைப் பெயர்ப்பலகையில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்ற விகிதத்தில் இடம் தர வேண்டும் என்பது அரசு விதி. அளவுக்கு விதி உண்டு, அழகுக்கு விதி எழுத முடியாதே. கையில் கிடைத்த எழுத்துருவை உயரவாக்கில் இழுத்தும் பக்கவாக்கில் நசுக்கியும் அந்த இடத்தை நிரப்புகிறார்கள். இழுத்தால் கோட்டின் தடிமன் ஒரு திசையில் மட்டும் மாறும், சுழி முட்டையாகும். அளவு விகிதத்தைக் கடைப்பிடித்தும் தமிழை அவமதிக்கலாம் என்பதற்கு ரங்கநாதன் தெருவில் ஒரு நடை போதும்.

நம்பிக்கை தரும் வேலைகளும் நடந்திருக்கின்றன. மும்பையின் ஏக் டைப் குழு, காட்டுக் கதைக் கரடியின் பெயரில் ‘பலூ’ என்ற குண்டு எழுத்துருவைப் பல இந்திய மொழிகளுக்குச் செய்தது. மலையாளத்தில் அதன் பெயர் ‘பலூ சேட்டன்’, தமிழில் ‘பலூ தம்பி’. தமிழ் வடிவம் ஆதர்ஷ் ராஜன் வரைந்தது. இவ்வளவு தடிமனிலும் ‘ண’வின் சுழி மூச்சு விடுகிறது, பெயிண்டரின் அதே உபாயம் கணினியில் கைகூடியிருக்கிறது. 2022இல் அதே குழு வெளியிட்ட ‘அனேக்’ ஒடுங்கியதிலிருந்து விரிந்தது வரை அகலம் மாறக்கூடியது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் எழுத்தை நசுக்கத் தேவையே இல்லாமல் செய்யும் வசதி அது. இலங்கையின் தாரிக் அஸீஸ் செய்த ‘கவிவாணர்’ கையெழுத்துச் சாய்வுடையது. ‘அரிமா மதுரை’யை வரைந்தவர்கள் இருவரும் போர்ச்சுகல் நாட்டவர், தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் போர்ச்சுக்கீசியரான அண்ட்ரிக் அடிகளார் கையால் வந்ததை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. இவை எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன.

இருந்தாலும், தெருவின் எழுத்தைத் தெருவின் பெயரோடு எழுத்துருவாக்கிய முன்மாதிரி டெல்லியிலிருந்து வந்தது. ஹனிஃப் குரேஷி தொடங்கிய ‘ஹேண்ட்பெயிண்டட் டைப்’ திட்டத்தில் போர்டு எழுதும் பெயிண்டர்களின் எழுத்துகளைக் கணினிக்கு ஏற்றி, அவர்கள் பெயரையே எழுத்துருவுக்கு வைத்து, விற்ற காசில் அவர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். குரேஷி 2024இல் மறைந்தார். அவர் காட்டிய வழி சென்னைக்கு நன்றாகவே பொருந்தும். நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும் தரமணியில் இருக்கின்றன. பழைய நூல்களை மின்வடிவமாக்கி யாரும் பார்க்க வைத்திருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. சுவரும் போர்டும் நடக்கிற தூரத்தில். எழுத்து வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட வசதியான ஊர் அமையாது.

தொழில்நுட்பமும் தடையாக இல்லை. யுனிகோடில் ‘லை’ என்பது ‘ல’வும் ஐகாரக் கொம்பும் சேர்ந்த வரிசை மட்டுமே, திரையில் அது தும்பிக்கையோடு தெரிவதா, தனிக் கொம்போடு தெரிவதா என்பதை எழுத்துருதான் முடிவு செய்கிறது. ஒரே எழுத்துருவுக்குள் இரண்டு வடிவத்தையும் வைத்து, வேண்டியவர் ஒரு சொடுக்கில் பழையதை எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். தட்டச்சு மாறாது, தேடினால் கிடைக்காமல் போகாது, 1978 சீர்திருத்தத்துக்கும் குந்தகம் இல்லை. பழைய பாணி எழுத்துரு என்று பெயர் வைத்து விற்கிறவர்கள் அந்த 13 எழுத்துகளையாவது வரைந்து தர வேண்டும். புள்ளிக்கு நாலு வகை, நீளும் கால் ஒன்று, ஷேடுக்கான தனி அடுக்கு ஒன்று என்பவை அதற்கு அடுத்தபடி.

போர்டுகளைப் படம் எடுக்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தலைப்பெழுத்தை மட்டும் நெருக்கமாக வெட்டி எடுத்துக்கொள்ளாமல் மூலையில் உள்ள பெயிண்டரின் பெயரும் தெளிவாக விழும்படி எடுங்கள். எந்தத் தெரு, எந்த ஆண்டு, எந்த வண்ணத்தின் மேல் எந்த வண்ணம் என்பதையும் குறித்து வையுங்கள். அவர் இருக்கிறாரா என்று கடைக்காரரிடம் விசாரியுங்கள். இருந்தால் நேரில் போய் அகர வரிசை முழுவதையும் ஒரு சார்ட்டில் எழுதித் தரச் சொல்லி, அதற்குரிய கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.